கச்சி நகர் காணும் நெறி

ஸ்ரீ:

உலகில் நகரங்கள் பல. வாணிபத்தின் பொருட்டு வளர்ந்தவை சில. அரசர்களின் ஆணையால் எழுந்து அவ்வரசர்களோடே மறைந்தவை சில. எம்பெருமான் உகந்து நித்யவாஸம் செய்வதற்கென்றே அமைந்தவையோ மிகச் சிலவே. அயோத்யா, மதுரா, மாயா எனப்படும் ஹரித்வாரம், காசீ, காஞ்சீ, அவந்திகா, த்வாரகா என்று முக்தி தரும் நகரங்களை ஏழாகப் புராணங்கள் எண்ணுகின்றன. இவ்வேழனுள் தென்னாட்டுக்குக் கிடைத்த பேறு காஞ்சி ஒன்றே. 'க' என்னும் சொல்லுக்குப் பிரமன் என்று பொருள். அவனால் அஞ்சிதமான, அதாவது பூஜிக்கப்பட்ட, இடமாதலால் காஞ்சி என்று பெயர் வந்ததெனப் பெரியோர் பணிப்பர். காஞ்சி என்பதற்கு மேகலை என்றும் பொருளுண்டு. பூமிப்பிராட்டியின் திருவரைக்கு அணியாய் விளங்கும் நகரம் என்றும் கொள்ளலாம்.

இந்நகருக்கு உத்ஸவ காலங்களில் பல்லாயிரவர் வந்து போகின்றனர். அவர்களில் இருதிறத்தார் உண்டு. ஒரு சாரார் வண்டியை விட்டிறங்கி, நேரே கர்ப்பக்ருஹத்தின் முன்னே சென்று, தீர்த்தமும் துளஸியும் பெற்று, வந்த வழியே திரும்பி விடுவர். ஊரையும் சோலையையும் சிற்பத்தையும் கண்டு மகிழ்வது பக்தனுக்குத் தகாது என்பது அவர்கள் எண்ணம். மற்றொரு சாரார் கோபுரத்தையும் தூணையும் கற்சங்கிலியையும் வியந்து, பட்டுச்சேலை வாங்கி, மாலைக்குள் பத்து இடங்களைப் பார்த்து முடித்துப் பெருமிதம் கொள்வர். பெருமாள் அப்பத்தில் ஒன்றாகி விடுகிறான். முன்னவர் நகரைக் காணாமலே போகின்றனர். பின்னவர் நகருக்கு உயிரானவனைக் காணாமலே போகின்றனர். அங்ஙனமாயின் நகரைக் காண்பதற்கு ஒரு நெறி உண்டோ எனின், உண்டு. எம்பெருமானே அதைத் தன் நடையால் காட்டியருளினான்.

கண்ணன் கண்ட மதுரை

கம்ஸனுடைய வில்விழாவின் பொருட்டு அக்ரூரர் அழைத்துவர, கண்ணனும் பலராமனும் ஆயர்களுடன் மதுரா நகரின் புறத்தே ஒரு சோலையில் வந்து தங்கினர். கம்ஸனை முடிப்பதற்கே வந்தவன் உடனே அரண்மனை புகவில்லை. பிற்பகலில் தமையனையும் தோழர்களையும் கூட்டிக்கொண்டு, நகரைக் காணவேண்டும் என்ற விருப்பத்துடன் வீதிகளில் நடந்தான் என்று ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில் விவரிக்கிறது. பளிங்கு வாயில்களும் அகழிகளும் உத்யானங்களும் மாடங்களும் நிறைந்த அந்நகரின் அழகையும் ஸ்ரீசுகர் விரித்துரைக்கிறார். ஆகவே நகர் காண்பது பாபமன்று. பாபமாயின் பகவான் அதைச் செய்திரான். சுகரைப் போன்ற விரக்தரும் அதை வர்ணித்திரார்.

ஆனால் அவ்வீதிகளில் கண்ணனுடைய திருவுள்ளம் எங்கே நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மாடங்களை அவன் கடந்து போனான். நின்ற இடங்கள் மூன்று. நெசவாளன் ஒருவன் அன்போடு வண்ண ஆடைகளை உடுத்தி அழகு பார்த்தான், அவனுக்காக நின்றான். ஸுதாமா என்னும் மாலாகாரனுடைய வீட்டுக்குத் தானே எழுந்தருளி, அவன் தொடுத்த மாலைகளை ஏற்றான். உடல் வளைந்த கூனி ஒருத்தி சந்தனக் கிண்ணத்துடன் எதிர்ப்பட்டாள். அவள் தந்த பூச்சை ஏற்று அவளை நிமிர்த்தினான். நெய்கிறவன், பூத்தொடுக்கிறவன், சந்தனம் அரைக்கிறவள் ஆகிய இம்மூவரையுமே அவன் மதுரையில் காணத்தக்க காட்சிகளாகக் கொண்டான். நகரின் அழகு அதன் கல்லில் இல்லை, கைங்கர்யத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டுமோ!

சிறிய திருவடி கண்ட இலங்கை

மற்றொரு நகர் காட்சியும் உண்டு. சிறிய திருவடியான அனுமன் பூனையளவான வடிவு கொண்டு, நிலவொளியில் இலங்கையின் வீதி வீதியாகத் திரிந்தான். மாடங்களையும் புஷ்பக விமானத்தையும் பானசாலையையும் அந்தப்புரத்தையும் ஒன்று விடாமல் கண்டான். கண்டபின் அவனுக்கு ஓர் அச்சம் பிறந்தது: உறங்குகிற பெண்டிரைப் பார்த்தது தர்மத்துக்குக் குறைவாகுமோ என்று. பிறகு அவனே தெளிந்தான்: புலன்களை நல்வழியிலோ தீயவழியிலோ செலுத்துவது மனம், அம்மனம் இங்கு ஒரு சிறிதும் சலிக்கவில்லை, பிராட்டியைத் தேடும் ஒரே நோக்கில் நின்றது, ஆதலால் குற்றமில்லை என்று.

கண் எதைப் பார்த்தது என்பதைவிட மனம் எதைத் தேடிற்று என்பதே முக்கியம் என்பதை இவ்விடத்தில் ஸுந்தரகாண்டம் தெளிவாக உணர்த்துகிறது. பொன்மயமான இலங்கை முழுவதும் அனுமனுக்குப் பாழாகவே தோன்றியது. அசோகவனத்தில் சிம்சுபா மரத்தடியில் புழுதி படிந்த ஆடையுடன் அமர்ந்திருந்த பிராட்டியைக் கண்ட பின்னரே அவன் கண் பயன் பெற்றது. இவ்விரண்டு காட்சிகளையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு இனிக் கச்சி நகருக்குள் புகலாம்.

தாமரைப் பொகுட்டாகிய நகரம்

கச்சியின் தொன்மைக்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. பதஞ்ஜலியின் மஹாபாஷ்யத்தில் காஞ்சியைச் சேர்ந்தவனைக் குறிக்கும் சொல் உதாஹரணமாக வந்துள்ளது. கடம்ப வம்சத்தைத் தோற்றுவித்த மயூரசர்மன் வேதக்கல்வி முடிப்பதற்காகத் தன் ஆசிரியருடன் காஞ்சியின் கடிகைக்கு வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சுமார் 640-ஆம் ஆண்டில், இங்கு வந்த சீன யாத்ரிகர் யுவான் சுவாங், நகரின் சுற்றளவு 30 லீ என்றும், நிலம் வளமானது, பூவும் கனியும் மிகுந்தது என்றும், மக்கள் வாய்மையையும் கல்வியையும் பெரிதும் போற்றுபவர் என்றும் எழுதி வைத்தார். அவர் கண்ட பௌத்த மடங்கள் இன்றில்லை. திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயில் இருக்கிறது. கயிலாஸநாதர் கோயிலும் ஏகாம்பரநாதர் கோயிலும் இருக்கின்றன. கற்றவர் எவரும் தம் கொள்கையைக் கொண்டுவந்து உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகக் கச்சி பல நூற்றாண்டுகள் விளங்கியது.

அழகுணர்ச்சி மிக்க சான்று ஒன்று பத்துப்பாட்டில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லப்படுகிறது. திருவெஃகாவின் அருகே ஆற்றங்கரைச் சோலைகளில் மக்கள் கூடி விளையாடி மகிழ்வர். அங்கே அரவணையில் பள்ளிகொண்டவனைத் தொழுது செல்வாயாக என்று புலவர் கூறுகிறார். அதன் பின்னரே நகர் வருகிறது. அந்நகரை எதற்கு உவமை சொன்னார் தெரியுமோ? நெடியோனாகிய திருமாலின் உந்தியில் பிரமனைப் பெற்ற தாமரையின் பொகுட்டைப் போலத் தோன்றியது என்றார். சோலை, ஆறு, பள்ளிகொண்ட பெருமாள், பிறகு நகரம் என்பது புலவர் வைத்த முறை. அரசனிடம் பொருள் தேடிப் போகிறவனுக்கும் இதுவே வழி.

புராணமே வீதிகளாய்

பிறவூர்களில் கோயிலுக்குள்ளே புராணம் சித்திரிக்கப்பட்டிருக்கும். கச்சியிலோ புராணமே வீதிகளாக விரிந்து கிடக்கிறது. ஸத்யவ்ரத க்ஷேத்ரம் எனப்படும் இத்தலத்தில் ஓர் அச்வமேதம் செய்தால் நூறு செய்த பயன் உண்டெனக் கேட்டுப் பிரமன் யாகம் தொடங்கினான். தன்னை விட்டுச் செய்ததனால் ஸரஸ்வதி வெகுண்டாள். யாகசாலையை இருள் சூழ்ந்தது. எம்பெருமான் விளக்கொளியாக நின்றான். அதுவே தூப்புலில் உள்ள திருத்தண்கா. அஸுரர் திரண்டனர், அழகியசிங்கராகத் திருவேளுக்கையிலும், எட்டுத் திருக்கைகளோடு அட்டபுயகரத்திலும் அவன் தோன்றினான். முடிவில் அவளே வேகவதி என்னும் ஆறாகப் பெருகி வந்தாள். யாகவேதியை நோக்கி வந்த வெள்ளத்தின் குறுக்கே எம்பெருமான் தானே அணையாகக் கிடந்தான். வேகத்தைத் தடுத்த ஸேதுவாதலால் வேகஸேது. அதுவே வெஃகணை என்றும் வெஃகா என்றும் திரிந்தது. யாகத்தின் முடிவில் உத்தரவேதியின் நடுவே பேரருளாளன் ஆவிர்ப்பவித்தான். இன்றும் உத்ஸவரின் திருமுகத்தில் அந்த ஹோமாக்னியின் வடுக்கள் உள்ளனவென்று பெரியோர் ஸேவித்துக் காட்டுவர்.

ஆகவே யாத்ரிகர் ஒரு கோயிலிலிருந்து மறுகோயிலுக்கு நடக்கும்போது தூரத்தைக் கடக்கவில்லை. ஒரே கதையின் அடுத்த ஸர்க்கத்தைத் திருப்புகிறார். திருப்பாடகத்தில் பாண்டவ தூதனாய்ப் பேருருக்கொண்டு வீற்றிருக்கும் கோலமும், திருஊரகத்தில் சுமார் 35 அடி உயரத்தில் உலகளந்த கோலமும் காண்பார் நெஞ்சைத் தம் சிறுமை உணரச் செய்வன. அவ்வூரகத்தின் திருமதிலுக்குள்ளேயே நீரகம், காரகம், கார்வானம் என்னும் மூன்று திவ்யதேசங்கள் அடங்கியுள்ளன. நிலாத்திங்கள் துண்டத்தான் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள்ளும், கள்வப் பெருமாள் காமாக்ஷியம்மன் கோயிலுக்குள்ளும் எழுந்தருளியிருக்கின்றனர். இவ்விரண்டையும் ஆழ்வார் மங்களாசாஸனம் செய்துள்ளார். இந்நகரில் ஒருவர் மற்றவரின் வாசலைத் தாண்டாமல் தம் தெய்வத்தைத் தொழ முடியாது. இதுவும் எம்பெருமானுடைய திருவுள்ளமே.

வரலாற்றைக் காண விழைவோர் பரமேச்சுர விண்ணகரமாகிய வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் செல்ல வேண்டும். 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவமல்லன் எடுத்த இக்கோயிலில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். கீழே இருந்த திருக்கோலம், நடுவே கிடந்த திருக்கோலம், மேலே நின்ற திருக்கோலம். சிங்கத் தூண்கள் தாங்கிய சுற்றாலையின் மதிலில், திருமாலிடமும் பிரமனிடமும் தொடங்கிப் பல்லவர் மரபு முழுதும் சிற்ப வரிசைகளாக உள்ளது. இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்தபின் நாடு அரசனின்றித் தவித்தது. பெரியோர் ஹிரண்யவர்மனிடம் சென்று அவன் மைந்தர்களை வேண்டினர். மூத்தவர்கள் மறுத்தனர், 12 வயதுச் சிறுவனாகிய இளையவன் 'யான் வருகிறேன்' என்று இசைந்தான். மலையும் ஆறும் காடும் கடந்து அச்சிறுவன் கச்சிக்கு வந்து முடிசூடிய காட்சிகளை அச்சிற்பங்களிலும் அவற்றின் கீழுள்ள எழுத்துக்களிலும் காணலாம். ஆராய்ச்சியாளர் சி. மீனாட்சி அவர்கள் இச்சிற்பங்களை வரிசைப்படுத்தி எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. மணற்கல் தேய்ந்து வருகிறது. முகங்கள் மழுங்கி வருகின்றன. அரச மரபு அழிந்து, அதைப் பொறித்த கல்லும் தேய, நடுவே வீற்றிருக்கும் வைகுண்டநாதன் மட்டும் நித்யாராதனம் கண்டருளுகிறான்.

இருளடைந்த கச்சி

மீண்டும் திருவெஃகாவுக்கே வருவோம். பொய்கையாழ்வார் தாமரை மலரில் அவதரித்த பொய்கை இங்கேதான். திருமழிசையாழ்வார் தம் சீடர் கணிகண்ணருடன் பல காலம் வாழ்ந்ததும் இங்கேதான். ஆழ்வார் இருந்த இடத்தை நாள்தோறும் பெருக்கி மெழுகிவந்தாள் ஒரு மூதாட்டி. அவள் கைங்கர்யத்துக்கு உகந்து ஆழ்வார் அவளுக்கு மீண்டும் இளமை அருளினார். அவளழகில் ஈடுபட்ட பல்லவ மன்னன் அவளை மணந்தான். தான் மூப்படைய, அவள் மூப்படையாமை கண்டு, தனக்கும் அவ்விளமை வேண்டுமென்று கணிகண்ணரை வற்புறுத்தினான். ஆழ்வாரை அரண்மனைக்கு அழைத்துவர வேண்டும், தன்னைப் பாடவேண்டும் என்றான். மனிதரைப் பாடேன் என்று கணிகண்ணர் மறுக்க, நாட்டை விட்டுப் போகுமாறு ஆணையிட்டான்.

சீடர் புறப்பட, ஆசார்யரும் புறப்பட்டார். புறப்படுமுன் எம்பெருமானையும் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன்வரும்படி விண்ணப்பித்தார். அவனும் அரவணையைச் சுருட்டித் தோளிலே இட்டுக்கொண்டு பின்தொடர்ந்தான். மற்றத் தெய்வங்களும் திருமகளும் உடன் அகன்றனர். கச்சி இருளடைந்தது. மாடங்கள் அப்படியே இருந்தன, சோலைகள் இருந்தன, மதில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆயினும் நகரம் இல்லையாயிற்று. மன்னன் ஓடிச் சென்று கணிகண்ணர் திருவடிகளில் விழுந்தான். சீடர் இரங்கி ஆழ்வாரிடமும், ஆழ்வார் எம்பெருமானிடமும் வேண்ட, மூவரும் திரும்பினர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிருக்கை என வழங்குகிறது. சொன்னபடி போய், சொன்னபடி திரும்பியதால் அவன் சொன்னவண்ணம் செய்த பெருமாளானான், வடமொழியில் யதோக்தகாரி.

இச்சரித்திரத்தில் பலர் கவனியாத ஒன்று உண்டு. இவையெல்லாம் ஒரு துடைப்பத்திலிருந்து தொடங்கின. நகரைத் தனதென்று எண்ணிய அரசனால் அது இருண்டது. ஒரு திண்ணையைப் பெருக்கிய கிழவியால் அதன் பெருமை வெளிப்பட்டது.

இது வெறுங்கதை எனக் கருதுவோருக்கு வரலாற்றிலும் ஒரு சான்றுண்டு. 1688-இல் ஔரங்கசீப்பின் படையெடுப்புக்கு அஞ்சி, அர்ச்சகர்களும் அடியார்களும் பேரருளாளனையும் நாச்சிமாரையும் மறைவாக உடையார்பாளையம் காட்டுக்கு எழுந்தருளப் பண்ணினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்திகிரி உத்ஸவரின்றி இருந்தது. 1710-இல் அத்தான் ஜீயரின் முயற்சியாலும், அவருடைய சிஷ்யரான தோடர்மால் என்னும் படைத்தலைவரின் துணையாலும் பெருமாள் திரும்ப எழுந்தருளினான். கோயிற் கல்வெட்டு அதைக் கூறுகிறது. தோடர்மால் குடும்பத்தாரின் உருவங்கள் திருக்கோயிலில் உள்ளன. கற்றளிகளைக் காண்போர் இவ்வுருவங்களின் முன்னும் ஒரு கணம் நின்று கைகூப்ப வேண்டும். வடநாட்டிலிருந்து வந்த ஓர் அடியாரின் உதவியினாலே இந்நகர் தன் விளக்கைத் திரும்பப் பெற்றது.

அத்திகிரியும் சாலைக்கிணறும்

சின்னகாஞ்சிபுரத்தில் அருளாளன் கோயிலுள் புகுந்ததும், விஜயநகர காலத்து நூற்றுக்கால் மண்டபம் கண்ணைக் கவரும். பெயர் நூறாயினும் தூண்கள் 96. ஒரே கல்லில் குடைந்த சங்கிலிகளும் குதிரை வீரர்களும் கல்தச்சரின் திறத்தைப் பேசும். அதனை அடுத்து அநந்தஸரஸ் திருக்குளம். அதன் நீருக்கடியில் சயனித்திருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளி ஸேவை ஸாதிப்பது வழக்கம். 1979-இல் ஸேவித்தவர்களுள் பலர் தம் பேரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு 2019-இல் மீண்டும் ஸேவித்தனர். அவ்வாண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, முதலில் சயனத் திருக்கோலத்திலும் ஆகஸ்டு முதல் நின்ற திருக்கோலத்திலும் அவர் காட்சி தந்தார். மீண்டும் நீருக்குள் எழுந்தருளிய பின் அவரைக் காண்பது 2059-இல். 24 படிகள் ஏறி மூலவரைச் சேவிக்கிறோம். அப்படிகளைக் காயத்ரியின் 24 அக்ஷரங்களாக அநுஸந்திப்பர் பெரியோர்.

இவ்வளவும் கண்டு முடித்தவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் ஒன்றுண்டு. அது செவிலிமேட்டிலுள்ள சாலைக்கிணறு. யாதவப்ரகாசரிடம் வாசித்த இளைஞராகிய ஸ்ரீராமானுஜரைக் காசி யாத்திரை என்ற பெயரால் அழைத்துச் சென்று தீங்கிழைக்க நினைத்தனர். தம்பி கோவிந்தர் குறிப்பறிந்து எச்சரிக்க, விந்தியக் காட்டில் அவர் தனியே தப்பினார். வேடுவனும் வேட்டுவிச்சியுமாக இருவர் துணைவந்தனர். இரவில் வேட்டுவிச்சி தாகமென்றாள். பொழுது விடிந்ததும் அருகிலிருந்த கிணற்றில் இறங்கி மும்முறை கையால் நீர் முகந்து தந்தார் இளையாழ்வார். நான்காம் முறை மேலே வந்து பார்த்தால் அவர்கள் இல்லை. எதிரே அத்திகிரியின் விமானம் தெரிந்தது. வழிகாட்டி வந்தவர்கள் அருளாளனும் பெருந்தேவியாருமே என்று உணர்ந்தார். அன்று தாகமென்று கேட்டவர்களுக்கு அந்நாள் தொடங்கி அக்கிணற்று நீரையே குடத்தில் சுமந்து வந்து ஸமர்ப்பித்தார். பிற்காலத்தில் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த மஹாசார்யருடைய முதற்கைங்கர்யம் தண்ணீர் சுமத்தல். பாண்டித்யத்தைப் போற்றுகிறவர்கள் அக்குடத்தின் கனத்தையும் நினைக்க வேண்டும்.

அக்காலத்திலேயே திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் நந்தவனம் அமைத்து, அங்கிருந்து பூக்கொண்டு வந்து, அருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசிவந்தார். பெருமாள் அவரோடு வார்த்தையாடுவான். ஒருநாள் நம்பிகள் தமக்கு மோக்ஷம் உண்டோ என்று கேட்டாராம். விசிறியதற்குப் பேசியது ஈடாயிற்று என்று பெருமாள் அருளினானாம். கேட்போர்க்கு இது கடுமையாகத் தோன்றும். கருத்து அதுவன்று. கைங்கர்யம் கூலிக்காகச் செய்வதன்று. அதற்குப் பலன் அதுவே. மேலும் அடியாருடைய அபிமானமே உய்வுக்கு வழியென்றும் உணர்த்தியபடி.

சோலை காணப் புறப்படும் பெருமாள்

நகரைக் காணும் விருப்பம் மதுரையோடு முடிந்து விடவில்லை. அருளாளன் ஆண்டு முழுதும் தன் நகரையும் அதன் தோப்புகளையும் ஆறுகளையும் காணப் புறப்படுகிறான். வைகாசி ப்ரஹ்மோத்ஸவத்தில் கருடன்மீது ஏறிக் கோபுரவாசலைக் கடக்கும் காட்சிக்கு வீதியே கண்ணாகிறது. சித்ரா பௌர்ணமியன்று ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளி, நடவாவிக் கிணற்றுள் படிகளில் இறங்கி, பூமிக்கடியிலுள்ள மண்டபத்தை வலம் வருகிறான். லக்ஷ்மீகுமார தாதாசார்யர் வெட்டுவித்த அங்குள்ள பெருங்குளம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்தது. அதன்பின் பாலாற்று மணலில் ஊறல் கண்டருளுகிறான். பொங்கலையடுத்துப் பழையசீவரம் மலைக்குப் பரிவேட்டை எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலில் சுற்றூர்ப் பெருமாள்களோடு காட்சி தருகிறான். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. அத்திருமுக்கூடல் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில், வேதபாடசாலையும், மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்ததைக் கல்வெட்டு விவரிக்கிறது. கோயில் என்றால் வழிபாட்டோடு கல்வியும் மருந்தும் நீரும் நிழலும் சேர்ந்தது என்பதே நம் முன்னோர் கண்ட நெறி.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்கலாகாது. பாணன் கண்ட திருவெஃகாவின் ஆற்றங்கரைச் சோலை இன்று இல்லை. வேகவதியில் மழைக்காலம் தவிர நீரோட்டம் அரிது, ஊரின் கழிவு அதில் கலக்கிறது, கரைகள் சுருங்கிவிட்டன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தபோது மக்கள் திரண்டு நின்று அதிசயம் போல் பார்த்தனர். ஆற்றில் நீர் வருவதே அதிசயமாகும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். பாலாற்று மணலும் பெருமளவு அள்ளப்பட்டுவிட்டது. வெள்ளத்தின் குறுக்கே அணையாகக் கிடந்த பெருமான் இன்றும் அப்படியே கிடக்கிறான். தடுப்பதற்கு வெள்ளம்தான் இல்லை. ஸரஸ்வதியின் வடிவமென்று நாம் சொல்லும் நதியில் எதை எறிகிறோம் என்று சிந்திக்க வேண்டும். உத்ஸவம் காண வருகிற ஒவ்வொருவரும் உண்ட இலையையும் நீர்ப் புட்டியையும் வீதியிலும் குளக்கரையிலும் விட்டுச் சென்றால், பெருக்கி மெழுகிய அம்மூதாட்டிக்கு நாம் என்ன விடை சொல்லப் போகிறோம்? அடியார்கள் புறக்கணிக்கப்பட்டபோது பாயைச் சுருட்டியவன் அவன். அவன் கிடக்கும் ஊரின் நீரும் நிழலும் புறக்கணிக்கப்படும்போது அவன் திருவுள்ளம் என்னவாகும் என்று அஞ்ச வேண்டாவோ!

அஞ்சியிருப்பதோடு நில்லாமல் செய்யத்தக்கதும் உண்டு. நகர் காண வருவோர் தத்தம் சக்திக்கேற்ப ஒரு சிறு கைங்கர்யத்தையேனும் செய்துவிட்டுத் திரும்புவதென்று நியமம் கொள்ளலாம். கோயில் நந்தவனத்தில் ஒரு நாழிகை களை எடுக்கலாம். இரண்டு குடம் நீர் வார்க்கலாம். ஒரு முழம் துளஸி தொடுக்கலாம். குளப்படியில் கிடக்கும் குப்பையை எடுத்து உரிய இடத்தில் சேர்க்கலாம். இளைஞர்களை அழைத்துவரும் பெரியோர் பட்டுக்கடைக்குச் செல்லுமுன் சாலைக்கிணற்றைக் காட்டலாம். பட்டு வாங்குவோரும், கண்ணனுக்கு ஆடை உடுத்திய நெசவாளனை நினைத்து, தறியில் அமர்ந்திருப்பவரிடம் இன்சொல் ஒன்று கூறலாம். உள்ளூர் வாழ்வோருக்கோ கடமை இன்னும் பெரிது. தம் வீட்டுக் கழிவு ஆற்றில் சேராமல் பார்த்துக்கொள்வதும் திருவாராதனத்தின் ஓர் அங்கமே. வேகவதியைக் காப்பது வேகஸேதுவுக்குச் செய்யும் கைங்கர்யமன்றி வேறென்ன?

கண்ணன் மாலாகாரன் வீட்டு வாசலில் நின்றான். அனுமன் மரத்தடியில் நின்றான். உடையவர் கிணற்றடியில் நின்றார். நாமும் கச்சியில் அவ்வாறான இடங்களில் சற்றே நின்று, கண்ட அழகெல்லாம் அவனுடையதென்று தெளிந்து, கையால் ஒரு பணி செய்து திரும்புவோமாக. அங்ஙனம் காண்பவர்க்குக் கோபுரமும் சோலையும் சிற்பமும் விஷயாந்தரமாகா, பகவதநுபவமே ஆகும். ஆற்றில் நீரும், சோலையில் நிழலும், வீதியில் அடியார் திரளும், திருவிளக்கில் ஒளியும் என்றும் குறையாதிருக்கப் பேரருளாளன் பெருந்தேவித் தாயாருடன் அருள் புரிவானாக!

சுபம்.